வெளியே மடிந்த இமை



இன்று கண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். கண் நோய் என்றாலே எல்லோரும் புரை என்பார்கள். இது புரை அல்ல. இமைக் கோளாறு.

உங்கள் கீழ் இமையைப் பாருங்கள். அது கண்ணோடு ஒட்டி நிற்கிறது அல்லவா? சிலருக்கு அது தொங்கி, வெளிப்பக்கமாக மடிந்துவிடும். உள்ளே இருக்கும் சிவந்த சதை வெளியே தெரியும்.

இமையின் ஓரத்தில், மூக்குப் பக்கம், சின்னத் துளை ஒன்று உண்டு. மேல் இமையில் ஒன்று, கீழ் இமையில் ஒன்று. கண்ணீர் அந்த வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழுதால் மூக்கும் ஒழுகுவது இதனால்தான். இமை வெளியே மடிந்தால் துளையும் கண்ணை விட்டு விலகிவிடும். கண்ணீர் போக வழி இல்லை. கன்னத்தில் வழிகிறது.

எங்கள் மையத்தில் ஒரு பாட்டி படித்தார். பூக் கட்டி விற்பவர். எப்போதும் கண்ணில் நீர். மருமகள் கொடுமை என்று தெருவில் பேச்சு. பாவம் அந்த மருமகள்! பாட்டி அழவே இல்லை. இமைதான் மடிந்திருந்தது. அவர் முந்தானையால் கண்ணைக் கீழ்நோக்கி இழுத்து இழுத்துத் துடைப்பார். அதனால் இமை இன்னும் தளர்ந்தது. சுத்தமான துணியால், மேல்நோக்கி, மூக்குப் பக்கமாக மெல்ல ஒற்ற வேண்டும்.

இது ஏன் வருகிறது? பெரும்பாலும் வயதுதான். இலாஸ்டிக் தளர்வது போல இமை தளர்கிறது. முகவாதம் வந்தாலும் வரும். தொழுநோய் முக நரம்பைத் தாக்கினாலும் வரும். தீக்காயத் தழும்பு இமையைக் கீழே இழுக்கும். இமையில் கட்டி இருந்தாலும் மடியும்.

அப்படியே விடலாமா? கூடாது. சிலருக்குத் தூங்கும்போது கண் முழுதாக மூடாது. கருவிழி காயும். புண் வரும். பார்வையே போகலாம். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பகலில் விட சொட்டு மருந்து தருவார்கள். இரவில் போட களிம்பு தருவார்கள். இவை கண்ணை ஈரமாக வைக்கும். இமையை நிமிர்த்தாது. அதற்கு ஆபரேஷன்தான். பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டு, இமையின் வெளி ஓரத்தை இழுத்துத் தைப்பார்கள். தழும்பால் மடிந்திருந்தால், வேறு இடத்துத் தோலை எடுத்து வைத்துத் தைப்பார்கள். முகவாதத்தால் வந்தது சிலருக்குத் தானே சரியாகும். அதுவரை கண்ணைக் காக்க வேண்டும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டும் வேண்டாம்.

நம் பெங்களூரில் அரசு மிண்டோ கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1896-ல் தொடங்கியது. கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி, “மிண்டோ எல்லி?” என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். துணைக்கு ஒருவர் வரட்டும். ஒரு கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டில் பஸ் ஏறுவது லேசான காரியம் இல்லை.