மழை வந்தால் ஓவியக்கூடம்



சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் முடிந்து புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டம் திரளும் ஜனவரி மாதம், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடுக்கோடை. இரவு எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். துறைமுகத்துக்கு அருகே ஸ்டான்லி தெருவில் இருக்கும் டென்னிஸ் அரங்கில் ஏஎஸ்பி கிளாசிக் போட்டி இரண்டு வாரம் நடக்கும். முதல் வாரம் பெண்களுக்கு, அடுத்தது ஆண்களுக்கு. மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் தொடங்குமுன் உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் கை பழக வரும் இடம் இது. 1977-இல் இங்கே ஆண்கள் ஒற்றையர் கோப்பையை வென்றவர் நம் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ்.

டென்னிஸ் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் பொதுவாக விம்பிள்டனையோ நியூயார்க்கையோதான் நினைப்பார்கள். நியூயார்க்கில் அமெரிக்க ஓபன் நடக்கும் அதே பூங்காவுக்குள் குவீன்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. 1964 உலகக் கண்காட்சிக்காகச் செய்த நியூயார்க் நகரின் பிரம்மாண்டமான மாதிரி அங்கே விரிந்து கிடக்கிறது. ஆனால் அவ்வளவு விலை கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே போனவருக்கு, பக்கத்துக் கட்டடமானாலும் எழுந்து போக மனம் வருமா? பெரிய போட்டி ஆளை முழுதாக விழுங்கிவிடும். ஆட்டத்தையும் ஓவியத்தையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவருக்கு ஆக்லாந்து மாதிரி சின்னப் போட்டிதான் தோது.

இங்கே முதன்மை ஆடுகளத்தில் சுமார் மூவாயிரம் பேர்தான் உட்காரலாம். ஆட்டக்காரரின் காலணி தரையில் கிறீச்சிடுவது கடைசி வரிசைக்கும் கேட்கும். 2020 ஜனவரியில் செரீனா வில்லியம்ஸ் இங்கேதான் ஜெசிகா பெகுலாவை வென்று கோப்பையைத் தூக்கினார். தாயான பிறகு அவர் வென்ற முதல் பட்டம் அது. ஒற்றையரில் அதுவே கடைசிப் பட்டமாகவும் ஆனது. பரிசுப் பணம் 43,000 டாலரை அப்படியே ஆஸ்திரேலியக் காட்டுத்தீ நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பகல் ஆட்டத்துக்கும் இரவு ஆட்டத்துக்கும் தனித்தனி டிக்கெட். இரவு ஆட்டத்துக்கு மட்டும் வாங்கினால் பகல் முழுவதும் கையில் இருக்கும். அரங்கிலிருந்து பல்கலைக்கழக வளாகத்தின் வழியே மேடேறி, ஆல்பர்ட் பூங்காவைக் கடந்து இறங்கினால் ஆக்லாந்து ஓவியக்கூடம். கால் மணி நேர நடை. ஏற்றம் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும்.

1888-இல் திறந்த பழைய கட்டடத்தோடு 2011-இல் புதுப் பகுதியைச் சேர்த்தார்கள். முகப்பில் கௌரி என்ற உள்நாட்டு மரத்தால் இழைத்த கூரைகள், பூங்கா மரங்களின் கிளைகள் கட்டடத்துக்குள்ளும் நீண்டு வந்ததுபோல் விரிகின்றன. 2013-இல் உலகக் கட்டடக் கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது இதற்குத்தான். உள்நாட்டவருக்கு அனுமதி இலவசம். வெளிநாட்டுப் பயணிகள் கட்டணம் கட்ட வேண்டும்.

நேரம் குறைவென்றால் முதலில் பார்க்க வேண்டியவை காட்ஃபிரீட் லின்டாவர் வரைந்த, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் உருவப்படங்கள். பொஹீமியாவில் பிறந்து 1874-இல் நியூசிலாந்து வந்தவர் அவர். முகத்தில் செதுக்கிப் பச்சை குத்திய கோடுகள், தோளில் போர்த்திய இறகு மேலாடை, காதில் தொங்கும் பச்சைக்கல் என்று ஒவ்வொன்றையும் பொறுமையாகத் தீட்டியிருக்கிறார். இந்தப் படங்களைச் சேர்த்தவர் ஹென்றி பார்ட்ரிட்ஜ் என்ற புகையிலை வியாபாரி. குயீன் தெருவில் தன் கடைக்கு மேல்மாடியிலேயே மாட்டி வைத்திருந்தார். முதல் உலகப் போரில் பெல்ஜியம் நொறுங்கியபோது நகரத்துக்கு ஒரு நிபந்தனை போட்டார்: பெல்ஜிய அகதிகளுக்காக 10,000 பவுண்டு திரட்டிக் கொடுங்கள், படங்கள் உங்களுக்கு. மக்கள் திரட்டினார்கள். 1915-இல் 60-க்கும் மேற்பட்ட படங்கள் நகரத்தின் சொத்தாயின. இன்றும் மாவோரிக் குடும்பங்கள் வந்து இந்தப் படங்களின் முன் நின்று தங்கள் மூதாதையரோடு பேசுகிறார்கள். அவர்கள் நிற்கும்போது மற்றவர்கள் சற்று விலகி நிற்பதே மரியாதை.

ஐரோப்பிய ஓவியம் விரும்புகிறவர்களுக்கும் குறையில்லை. அமெரிக்க முதலீட்டாளர் ஜூலியன் ராபர்ட்சனும் அவர் மனைவி ஜோசியும் வாக்களித்த 15 படைப்புகள், ஜூலியன் 2022-இல் மறைந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தன. பிக்காசோ, மத்தீஸ், செசான், கோகான், மோன்ட்ரியன் எல்லாரும் அதில் உண்டு.

மழை பெய்தால்? ஆக்லாந்தில் அது அடிக்கடி வரும் கேள்வி. 2023 ஜனவரியில் பெண்கள் வாரம் முழுக்க மழை. பல ஆட்டங்களைப் பார்வையாளர் இல்லாமல் உள்ளரங்கில் நடத்தினார்கள். அங்கே எம்மா ராடுகானு கணுக்கால் பிசகி அழுதுகொண்டே வெளியேறினார். டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஈரமான இருக்கைகள்தான் மிச்சம். அன்று குடையோடு மேடேறி ஓவியக்கூடத்துக்குப் போனவர் கெட்டிக்காரர். வேறு திசையில், அரங்குக்குப் பின்னாலுள்ள டொமைன் பூங்காவில் ஏறினால் போர் நினைவு அருங்காட்சியகம். நூறு பேர் உட்காரும் மாவோரிப் போர்ப்படகு ஒன்று அங்கே நிற்கிறது. 25 மீட்டர் நீளம்.

ஓவியக்கூடத்துக்கே போகிறவர் ஜேம்ஸ் டிசோ வரைந்த ஒரு படத்தையும் தேடிப் பார்க்கலாம். தோட்டத்தில் இரண்டு பெண்களும் வயதான வேலைக்காரர் ஒருவரும் வண்ணக் கொடிகளை ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். 1998-இல் துப்பாக்கியோடு வந்த ஒருவன் பட்டப்பகலில் அதைச் சட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினான். சில நாளில் ஒரு கட்டிலுக்கு அடியில் கிழிந்த நிலையில் கிடைத்தது. பழுதுபார்ப்பவர்கள் நெடுநாள் உழைத்து அதை மீட்டார்கள்.

ஆண்கள் வாரமும் முடிந்தால் எல்லாரும் மெல்போர்னுக்கு விமானம் ஏறுவார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். அங்கேயும் ஆடுகளத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் விக்டோரியா தேசிய ஓவியக்கூடம் இருக்கிறது. 1986-இல் அங்கிருந்து பிக்காசோவின் ‘அழும் பெண்’ களவு போனது. திருடியவர்கள் கலைக்கு அரசு கூடுதலாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். பணம் ஒதுக்கப்படவில்லை. படம் மட்டும் இரண்டு வாரத்துக்குப் பிறகு ரயில் நிலையப் பெட்டகம் ஒன்றில் பத்திரமாகக் கிடைத்தது.