நோயை மறைத்தல் தகாது
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழாவில், இதே மேடையில் கடவுள் வாழ்த்துப் பாடிய நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி பாதியிலேயே நினைவிழந்து வீழ்ந்தாள். அவள் கைகால்கள் வெட்டி இழுத்தன. அப்போது அவள் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்தவர்கள் யாமே. சாவியால் அவ்வலிப்பு நிற்கவில்லை. தானே தொடங்கித் தானே அடங்கிற்று. அந்த அறியாமைக்குக் கழுவாயாகவே இன்று பேச எழுந்துள்ளோம்.

சில நாட்களில் அவள் தந்தையார் எம்மிடம் வந்து, காட்பாடிக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தரும்படி வேண்டினார். "எவரேனும் கேட்டால் திருப்பதிக்கு என்று சொல்லிவிடுங்கள், ஐயா" என்றும் கேட்டுக்கொண்டார். பெண்ணின் திருமணம் தடைப்படுமோ என்னும் அச்சமே காரணம். அவருடைய இசைவு பெற்றே இதனைக் கூறுகிறோம்.

காட்பாடியில் இறங்குவோரில் பலர் நாடிச் செல்வது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய பணி அது. அங்கே 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்கள் மூளை, நரம்பு நோய்களுக்கென ஒரு துறையை நிறுவினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில், வலிப்பு நோய் அறுவையில் உலகப் புகழ் பெற்ற வைல்டர் பென்ஃபீல்டு அவர்களிடம் பயிற்சி பெற்றவர். நரம்பியல் மருத்துவர் டாக்டர் பல்தேவ் சிங் அவர்களும் அவருடன் இணைந்தார். கத்தி எடுப்பவரும் மருந்து கொடுப்பவரும் கூடி ஆராய்ந்து முடிவு செய்யும் நன்முறை அங்கு வேரூன்றியது. 1952-இல் வலிப்பு நோய்க்கென மூளை அறுவையும் அங்கே நடைபெற்றது.

சென்னை சென்ட்ரல் நிலையத்தின் எதிரிலுள்ள அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் டாக்டர் பி. இராமமூர்த்தி அவர்கள் நரம்பு அறுவைப் பணியைத் தொடங்கினார். இம்மூவரும் டாக்டர் எஸ்.டி. நரசிம்மன் அவர்களும் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்தனர். சிகிச்சையோடு நில்லாது, அடுத்த தலைமுறை மருத்துவர்களையும் அவர்கள் பயிற்றுவித்தனர்.

வேலூரில் மாணவர்கள் சூழ்ந்து நிற்க, மருத்துவர் அச்சிறுமியின் தாயாரிடமே முதலில் வினவினாராம்: "எந்தக் கை முதலில் இழுத்தது? கண் எப்பக்கம் திரும்பியது? எத்தனை நிமிடம்?" வலிப்பு வரும்போது மருத்துவர் அருகில் இருப்பது அரிது, கண்டவர் சொல்லே நோயறியும் முதற்கருவி. மறைப்பவர் அக்கருவியையே மருத்துவரிடமிருந்து பறித்துவிடுகிறார். பின்னர், தலையில் சிறு கம்பிகளைப் பொருத்தி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தனர். அதில் வலி இல்லை. மாத்திரைகளை நாள் தவறாது உண்டால், பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும்.

இந்நோய் பேயுமன்று, சாபமுமன்று, தொடுவதால் தொற்றுவதுமன்று. திருமணத்திற்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் இருந்த "வலிப்பு" என்னும் சொல்லும் 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் நீக்கியதை நம் மனம் நீக்க வேண்டாவா?

இனி ஒருவர் வலிப்புற்று வீழ்ந்தால் சாவி தேடாதீர். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணியாதீர், நீரும் புகட்டாதீர். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் கடந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நம் நகரிலேயே பஞ்சாகுட்டா நிஜாம் மருத்துவ நிலையத்திலும் நரம்பியல் துறை உண்டு.

இன்று கடவுள் வாழ்த்தை முழுமையாகப் பாடி முடித்தவள் அதே சிறுமிதான். அவள் தந்தையாரும் இப்போது, எங்கே சென்று வந்தீர் என்று கேட்போரிடம், காட்பாடிக்கு என்றே சொல்கிறார். நாமும் அவ்வாறே சொல்லப் பழகுவோமாக.