தராசனாவில் உயராத கைகள்



கொல்லாமையைப் பிறப்போடு பெற்ற இல்லங்களில் இளைஞர் எழுப்பும் வினா ஒன்றுண்டு. அடிப்பவன் முன் கைகட்டி நின்றால் பாதுகாப்பு ஏது, பயன்தான் ஏது என்பர். நேர்மையான வினா, மழுப்பாமல் விடையிறுத்தலே முறை.

1930ஆம் ஆண்டு, மே 21ஆம் நாள். குசராத்துக் கடற்கரையில் தராசனா உப்பளம். காந்தியடிகள் அம்மாதத் தொடக்கத்திலேயே சிறைப்பட்டிருந்தார். சரோஜினி நாயுடு தலைமையேற்க, ஏறத்தாழ 2,500 தொண்டர் திரண்டனர். எதிரே அகழியும் முள்வேலியும். இரும்புப் பூணிட்ட தடிகளோடு காவலர். அணியணியாய்த் தொண்டர் முன்சென்றனர். தலைமேல் இறங்கும் அடியைத் தடுக்கவும் எவரும் கை உயர்த்தினாரில்லை. ஓரணி வீழ்ந்தது, வீழ்ந்தோரைச் சுமந்து அகற்றிய பின் அடுத்த அணி நடந்தது. தற்காப்பில் நேரும் விரோதி இம்சையைச் சமண நூல்களே இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கவில்லை. தராசனாவில் நின்றோர் அச்சலுகையையும் கைக்கொள்ளவில்லை! அமெரிக்கச் செய்தியாளர் வெப் மில்லர் அக்காட்சியை நேரிற் கண்டார். மருத்துவக் கொட்டகையில் அவர் எண்ணிய காயமுற்றோர் 320 பேர். இறந்தோர் இருவர்.

ஆகவே, இவ்வழி இடரற்றது என்பார் கூற்று மெய்யன்று. அன்று உப்பளமும் கைக்கு வரவில்லை. ஆயினும் மில்லரின் செய்தி தணிக்கையைக் கடந்து உலக நாளிதழ்கள் பலவற்றில் வெளிவந்தது. தொண்டர் ஒரு கல்லேனும் எறிந்திருப்பின், கலகத்தை அடக்கினோம் என்று ஆட்சியாளர் சொல்லி முடித்திருப்பர். உயராத கைகள் அந்தச் சாக்கைப் பறித்துவிட்டன.

எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்னும் ஆய்வாளர் இருவர், 1900 முதல் 2006 வரை நிகழ்ந்த 323 போராட்டங்களை ஆராய்ந்து 2011இல் நூலொன்று வெளியிட்டனர். வன்முறை தவிர்த்தவற்றுள் 53 விழுக்காடு வென்றன. ஆயுதம் ஏந்தியவற்றுள் 26. ஏனையவை முழு வெற்றி எய்தவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. வேறுபாட்டிற்குக் காரணம் எளிது. துப்பாக்கி தூக்க வலிய இளைஞர் சிலரே வருவர். வரி கொடாமைக்கும் கடையடைப்பிற்கும் மூதாட்டியும் வருவார், வணிகரும் வருவார், எழுத்தரும் வருவார். இத்துணைப் பேரும் ஒத்துழைக்க மறுத்தால் அலுவலகம் எங்ஙனம் நடக்கும்? தன் உறவினரே கூட்டத்தில் நிற்கையில் காவலர் கையும் தயங்கும்.

பயன் விரைந்து வரும் என்பதுமில்லை. 1931 மார்ச்சில் ஏற்பட்ட காந்தி–இர்வின் உடன்பாடு, கடலோரச் சிற்றூரார் தம் தேவைக்கு உப்பெடுக்க மட்டுமே இசைந்தது. உப்பு வரி முற்றும் ஒழிந்தது, நேருவின் இடைக்கால அரசு அமைந்த பின்னரே. தராசனாவில் அடிபட்ட தலைகளுட் பல அதற்குள் நரைத்திருக்கும்.