பந்தியும் தருமமும்

ஆடி பிறந்தால் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் பந்தல் பந்தலாகக் கறிக்குழம்பு மணக்கும். மொய் விருந்துக் காலம். பல குடும்பங்கள் செலவைப் பங்கிட்டு ஒரே பந்தலில் சோறு போடும். மொய் எழுதும் நோட்டு மட்டும் ஆளுக்கொன்று. சாப்பிட்டவர் பழைய மொய்யைத் திருப்பி, மேலே 'புதுநடை' என்று புதிதாக ஒரு தொகையும் சேர்த்து எழுதிவிட்டுப் போவார். தருமமில்லை இது, ஊரே கூடிக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தது. அடுத்த சில நாட்களில் ஆலங்குடிப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் டீயைக் கொடுத்து, மொய்யை நிவாரணத்துக்கு வாங்கினார். திண்டுக்கல்லில் ஓர் உணவகம் அதே நிவாரணத்துக்காகப் பிரியாணி போட்டது. விலை சொல்லவில்லை, சாப்பிட்டவர்கள் மனம்போலக் கொடுத்தார்கள். திரும்பி வராத மொய்!

இந்த இரண்டில் எனக்கு டீதான் உசத்தி. பிரியாணிக்கு ஆள் அதிகம் வரும், அடுப்புச் செலவும் அதிகம். டீக்குச் செலவு சொற்பம். விழுகிற பணத்தில் பெரும்பகுதி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். ஆனாலும் வெறும் உண்டியலை நீட்டினால் நின்று பேசுவதற்கு யாரும் வரமாட்டார்கள். ஆளைக் கூட்டப் போதுமான விருந்து, வசூலைத் தின்றுவிடாத விருந்து: இந்த அளவைப் பிடிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

இன்னொன்று. கடன் மொய்யில் தொகையை உரக்கச் சொல்லி எழுதுவது நியாயம். நாளைக்குத் திருப்ப வேண்டுமே. தரும மொய்யில் அப்படிக் கூவினால் பத்து ரூபாய் வைத்திருப்பவர் பந்திக்கே வரமாட்டார். வாங்கும்போது மூடிய உண்டியல், எண்ணும்போது திறந்த சபை. அதுதான் முறை.

கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில் இருந்து கேட்கும் நேயர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. அவசர நோயாளியை எழுபது கொண்டை ஊசி வளைவு கடந்து கீழே கொண்டுபோக வண்டி வாடகைக்குத் தவிக்கும் வீடுகள் மலையில் உண்டு. அதற்கென்று ஒரு பந்தி போட்டுப் பொது நிதி சேர்க்கலாமே! ஆட்டைத் தேடிப் போக வேண்டாம். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு துண்டு அன்னாசி போதும். சாமை மொச்சையை வீட்டுக்கு ஒரு படி என்று வாங்கிவிட்டால் அடுப்புச் செலவும் மிச்சம். வல்வில் ஓரி விழாவுக்கு ஆடியில் மலையே கூடுகிறது. நாள் தேடவும் வேண்டாம். ஓரி தனியொருவனாய் நின்று கொடுத்த வள்ளல். இங்கே சாமை அளந்தவரும், விறகு பிளந்தவரும், பத்து ரூபாய் போட்டவரும் வள்ளல்தான்.

பந்தி முடிந்த அன்றைக்கே வரவு செலவை எழுதி, நாலு பேர் கூடும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். அதைச் செய்த ஊருக்கு அடுத்த ஆடியில் அழைப்பிதழ் அடிக்கும் செலவும் மிச்சம்.