சிறு வேடமும் தலைமை வேடமும்

எங்கள் கரையான்சாவடி வழியே செல்லும் பூந்தமல்லி–பரங்கிமலைச் சாலையில் எம். ஜி. இராமச்சந்திரன் வாழ்ந்த இராமாவரம் தோட்டம் உள்ளது. அதனைக் காண்போர், அவர் காத்திருந்த காலத்தை எண்ணுவதில்லை.

சிறுவனாகவே நாடகக் குழுவில் பயின்ற அவர், 1936-இல் ‘சதிலீலாவதி’யில் காவல் அதிகாரியாகச் சிறு வேடம் ஏற்றார். அக்காலத்தில் பாட வல்லவரே பெரும்பாலும் கதாநாயகர். 1941-இல் ‘அசோக்குமார்’ படத்தில் தியாகராஜ பாகவதர் நாயகர். இவரோ துணை வேடத்தினர். பின்னணிப் பாட்டு முறை பரவியது. 1947-இல் ‘ராஜகுமாரி’ இவரை நாயகராக்கியது. இடையே 11 ஆண்டுகள்!

முறை மாறியது காலத்தின் செயல்; அதுவரை வாட்பயிற்சியும் உடற்பயிற்சியும் கைவிடாதது அவர் செயல். பள்ளித் தலைமையாசிரியனாயிருந்த நான் ஆசிரியர்களை வேண்டுவது ஒன்றே: கடைசி வரிசை மாணவனைத் ‘தேறான்’ என்று எழுதுமுன் அந்தப் பதினோராண்டை நினையுங்கள்.