டிக்கி திறக்கவில்லையா?



போன வாரம் நம் வகுப்பு அண்ணன் ஒருவரின் பழைய டாக்சியில் பொத்தானை அழுத்தியும் டிக்கி திறக்கவில்லை. ரயிலுக்குப் போகிறவரின் பெட்டி உள்ளே! அண்ணன் கடப்பாரையை எடுத்தார். நான் தடுத்தேன். பூட்டில் சாவி போட்டோம். திறந்தது. ரயிலும் கிடைத்தது.

பிறகு பழுதைத் தேடினோம். நீங்களும் தேடலாம்.

பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வருகிறதா? மின்சாரம் வருகிறது. பூட்டில் துரு இருக்கலாம். துடைத்து எண்ணெய் விடுங்கள்.

சத்தமே இல்லையா? ஃபியூசைப் பாருங்கள். அது சரியென்றால், கீல் பக்கம் பாருங்கள். டிக்கியைத் திறந்து மூடி அங்கே ஒயர் அறுந்துபோகும்.

அண்ணன் வண்டியில் ஃபியூஸ் போயிருந்தது. அதற்குப் பதிலாகக் கம்பி சுற்றாதீர்கள். ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும். ஃபியூசில் 15 என்று இருந்தால் 15தான் போட வேண்டும். அண்ணனே அந்த எண்ணைப் படித்தார்!