காப்புக்கு முந்திய பருவம்

பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் வகுத்துப் பாடும் இலக்கியம். காப்பை மூன்றாம் மாதத்திலும், செங்கீரையை ஐந்திலும், தாலை ஏழிலும், சப்பாணியை ஒன்பதிலும், முத்தத்தைப் பதினொன்றிலும் வைப்பது பெருவழக்கு. இரண்டாம் குலோத்துங்கன்மீது ஒட்டக்கூத்தர் பாடிய நூல் தொடங்கி இம்மரபு இடையறாது வருகிறது. ஆயினும் பிறப்புக்கும் காப்புக்கும் இடைப்பட்ட நாள்களுக்கு அதில் பருவம் இல்லை. குழந்தை தங்கிவிட்டது என்ற உறுதி பிறந்த பின்னரே பாட்டுத் தொடங்கிற்று என்று கருத இடமுண்டு.

அந்த உறுதி இல்லாத நாள்களே வாழ்வு முழுவதுமாகத் தோன்றும் பெற்றோர் உளர். முப்பதாம் வாரத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்போரே அவர்கள். அவர்களுடைய அந்நாள்களும் ஒரு பருவமே. அது பாடப்பட வேண்டிய பருவம் என்பதே இவ்வுரையின் கருத்து.

இக்கருத்தைச் சொல்ல வேலூரினும் பொருத்தமான ஊர் அரிது. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், இளமையில் திண்டிவனத்தில் ஓர் இரவு கண்டவற்றை உலகறியும். மகப்பேற்று வேதனையில் கிடந்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டார் வந்து பெண் மருத்துவரை வேண்டினர். ஆண் மருத்துவர் தொடுவதற்கு எவரும் இசையவில்லை. மூவரும் இறந்தனர். அத்துயரமே அவரை மருத்துவம் கற்கச் செய்தது. 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய பணி, 1902-இல் மருத்துவமனையாயிற்று; 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அதனோடு சேர்ந்தது. தாயைக் காப்பது அன்றைய வினா. தாயோடு, காலத்துக்கு முந்திவந்த சேயையும் காப்பது இன்றைய வினா.

இவ்வினா சிறிதன்று. 37 வாரம் நிறையுமுன் பிறப்பதையே குறைமாதப் பிறப்பு என்பர். 2020-இல் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அவற்றுள் சுமார் 30 இலட்சம் இந்தியாவில் பிறந்தவை. ஒற்றையாய்ப் பிறப்போரைவிட இரட்டையரிடம் இது மிகுதி.

பிள்ளைத்தமிழில் குழந்தை தவழும், கைகொட்டும், முத்தம் தரும். இப்பருவத்துக் குழந்தையின் செயல் ஒன்றே: மூச்சு விடுதல். அதனையும் அது இடையிடையே மறக்கும். கருவியின் ஒலி கேட்டுச் செவிலியர் வந்து உள்ளங்காலைத் தீண்டினால் மறந்த மூச்சு மீளும். நாம் காலையில் அருந்தும் காபியிலுள்ள காஃபீனே இம்மறதிக்கு மருந்தாகிறது. உறிஞ்சுதலும் விழுங்குதலும் மூச்சும் ஒன்றோடொன்று இசைவது 34-ஆம் வாரத்தை ஒட்டியே. அதுவரை தாய் பீய்ச்சித் தரும் பால் மெல்லிய குழாய்வழியே வயிற்றை அடைகிறது. மடியில் பிள்ளையின்றி, இரண்டு மூன்று மணிக்கொருமுறை இரவும் பகலும் பால் பீய்ச்சும் தாயைத் தமிழ்க்கவிதை இன்னும் போதுமான அளவு பார்க்கவில்லை.

தொட்டிலும் இல்லையாயின் தாலாட்டுக்கு இடமுண்டோ எனில், உண்டு. தால் என்பது நாவைக் குறிக்கும் சொல். தாலாட்டுக்கு முதற்கருவி நாவே. தொட்டில் அதன் பின்னது. கருவிலேயே தாயின் குரலைக் கேட்டிருந்த செவி, கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அக்குரலை நாடும். ஆனால் உரத்த ஒலி அக்குழந்தைகளை அலைக்கழிக்கும். சிகிச்சைப் பிரிவில் 45 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலி கவலைக்குரியது என 1997-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் குறித்தது. எனவே இங்குப் பாடப்படும் தாலாட்டு கூடத்தை நிறைக்கும் பாட்டன்று. காதோடு காதாகச் சொல்லும் பாட்டு. தமிழும் உருதும் தெலுங்கும் வழங்கும் இத்தோல்பதனிடும் பகுதியில், பிறந்த சேயின் காதில் மெல்லப் பாங்கு சொல்லும் இல்லங்கள் பல. மெல்லிய குரலின் ஆற்றலை இம்மண் அறியாததன்று.

குரலினும் வலியது மார்பின் வெப்பம். 1978-இல் கொலம்பிய நாட்டுப் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாமையால், எட்கர் ரே என்னும் மருத்துவர் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தாய்ப் பராமரிப்பு என இன்று வழங்குவது அதுவே. குழந்தையின் உடல்நிலை சீரான பின்னரே அவ்வாறு அணைக்கலாம் என்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் பங்குகொண்ட, 2021-இல் வெளியான ஆய்வொன்று, பிறந்தவுடனே அணைக்கத் தொடங்கினால் 28 நாளுக்குள் நிகழும் இறப்பு நூற்றுக்கு 15.7-இலிருந்து 12-ஆகக் குறைவதைக் கண்டது. 2022-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதனையே பரிந்துரைத்தது. வறுமை கற்பித்த முறை செல்வ நாடுகளுக்கும் பாடமாயிற்று. இரட்டையருக்கு ஒரு மார்பு போதாதபோது தந்தையின் மார்பும் பாட்டியின் மார்பும் உதவும். பிள்ளைத்தமிழ்ப் புலவர் தாயின் நிலையிலிருந்து பாடுவது மரபு. இப்பருவத்தில் தந்தைக்கும் பாடும் உரிமை வந்துவிட்டது.

இவ்வணைப்புக்கு வேண்டிய முதற்பொருள் நேரம். ஆம்பூரில் காலணித் தொழிற்கூடங்களில் பணிபுரியும் பெண்கள் ஆயிரக்கணக்கினர். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம் 26 வார விடுப்புக்கு வழிசெய்தது. அது பெரும்பேறே. எனினும் எட்டு வாரம் சிகிச்சைப் பிரிவில் கழிந்தால், வீட்டில் பிள்ளைகளோடு இருக்க எஞ்சுவது பதினெட்டே. இரட்டையருள் ஒன்று முந்தி வீடு திரும்ப, மற்றொன்று மருத்துவமனையில் தங்குவதும் உண்டு. அப்போது ஆம்பூரில் ஒரு பிள்ளையும் வேலூரில் ஒரு பிள்ளையுமாக, தாய் எந்த ஊரில் இருந்தாலும் மற்றோர் ஊரில் இல்லாதவளாகிறாள்.

வீடு திரும்பிய பின்னும் காலக்கணக்கு இரண்டாகவே நிற்கும். பத்து வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு மருத்துவர், பிறந்த நாளிலிருந்து எண்ணிய வயதில் பத்து வாரத்தைக் கழித்துத் திருத்திய வயது காண்பர். செங்கீரைக்குரிய ஐந்தாம் மாதத்தில் அது இரண்டரை மாதக் குழந்தையே. அதனை அறியாத சுற்றத்தார், ‘இன்னும் தலை நிற்கவில்லையா?’ என்று வினவும்போது தாய் குன்றிப்போகிறாள். குறைமாதம் என்னும் சொல்லில் உள்ள ‘குறை’ காலத்தைச் சுட்டுவது. அதனைப் பிள்ளைமேலும், பின்னர்த் தாய்மேலும் ஏற்றுவது சொல்லின் பிழையன்று; சொல்வோர் பிழை. சொல்லாட்சியைத் திருத்துவது கவிஞர் கடமைகளுள் ஒன்று.

குழந்தைகளின் கையில் கட்டிய பட்டையில் பல வேளை தாயின் பெயரும் ஒன்று, இரண்டு என்னும் எண்ணுமே இருக்கும். பெயரிட அஞ்சும் பெற்றோரும் உளர். பெயரிட்டால் இழப்புப் பெரிதாகுமோ என்பது அவர்தம் அச்சம். எல்லாக் குழந்தைகளும் வீடு திரும்புவதில்லை என்பதும் உண்மை. ஆகவே இப்பருவத்தைப் பாடுவோர் பொய்யான உறுதி தருதல் ஆகாது. காப்புப் பருவமும் உறுதி தருவதன்று. காக்க வேண்டும் என்னும் வேண்டுதலே அது. நேற்றைய எடையினும் இன்று இருபது கிராம் கூடிற்று என்பதைத் திருவிழாவாகக் கொண்டாடும் ஒரு தந்தையைப் பாடினால் போதும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் அணிகளும் அடைமொழிகளும் மிகாத எளிய பாடல் சிலவற்றை இப்பெற்றோருக்கென எழுதித் தரலாம். எழுத்தறியாதவரும் கேட்டு மனத்தில் கொள்ளத்தக்கனவாக, இரண்டு பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்க இடம் விட்டு, கண்ணாடிப் பெட்டியருகே தாழ்ந்த குரலில் சொல்லத்தக்கனவாக அவை அமைதல் வேண்டும். அவற்றுக்குக் காத்திருப்போர் பாலாற்றங்கரை ஊர்களிலேயே இருக்கின்றனர்.